வீட்டு வாசலுக்கே வரும் ஸ்கூல் வண்டி... இங்கிலாந்தில் சிறப்புக் குழந்தைகளின் உரிமை. கேட்டு வாங்குவது எப்படி?

காலை 7.45 மணி. லண்டன், ஈஸ்ட் ஹாமில் ஒரு வீடு. வெளியே மழைத் தூறல். ஒன்பது வயதுப் பையன் ஒரு காலில் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் போடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். அம்மாவுக்கு எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. நைட் ஷிஃப்ட் போன அப்பா இன்னும் வரவில்லை. பையனுக்கு ஆட்டிசம். அவன் படிக்கும் சிறப்புப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறணும். பஸ்ஸில் கூட்டம் ஏறினால் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்துவிடுவான். 'ஊர்ல இருந்திருந்தா தாத்தா வண்டியில கொண்டுபோய் விட்டிருப்பாரே' என்று அம்மா மனசுக்குள் புலம்புகிறார்.

இதே தெருவில், நாலு வீடு தள்ளி, இதே போன்ற இன்னொரு பிள்ளைக்காக ஒரு மினி பஸ் வந்து நிற்கிறது. உள்ளே ஒரு உதவியாளர் இருக்கிறார். பிள்ளை ஏறுகிறது, டாடா காட்டுகிறது, வண்டி கிளம்புகிறது. செலவு முழுக்க கவுன்சிலுடையது.

இரண்டு வீடுகளுமே கற்பனைதான். ஆனால் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், கிராய்டன் என்று நம்மவர்கள் வாழும் எந்தப் பகுதியிலும் இது நடக்கலாம். இரண்டு வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு வீட்டில் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் கேட்கலாம் என்றே தெரியவில்லை.

நீங்கள் அங்கே இருக்கலாம். இல்லை, அங்கே இருக்கும் அக்காவுக்கு இங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஃபார்ம் நிரப்பித் தரும் தம்பியாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் இதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

(இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் விதிகள் வேறு.)

சலுகையா, சட்டமா?

சட்டம்தான். 1996-ம் ஆண்டின் கல்விச் சட்டம், பிரிவு 508பி. தகுதியுள்ள, கட்டாயக் கல்வி வயதில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வர இலவசமாக, பொருத்தமான ஏற்பாட்டைச் செய்துதர வேண்டியது கவுன்சிலின் கடமை. கட்டாயக் கல்வி வயது என்றால், ஐந்து வயது நிறைந்ததற்கு அடுத்து வரும் டெர்மில் தொடங்கி, 16 வயது நிறையும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளி வரை.

இந்தக் கடமையை எப்படி நிறைவேற்ற வேண்டும் என்று கல்வித்துறை 2023-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. 2024 ஜனவரியில் அதைத் திருத்தியது. ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென ஒரு போக்குவரத்துக் கொள்கை வைத்திருக்கும். அது இந்தச் சட்டத்துக்குக் கீழேதான் வரும். 'எங்க கவுன்சில் பாலிசியில இது கிடையாதுங்க' என்று போனில் யாராவது சொன்னால், அத்தோடு கதை முடிந்துவிடவில்லை.

யாருக்குக் கிடைக்கும்?

நான்கு வழிகள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றில் பொருந்தினாலே போதும்.

1. தூரம்: பொருத்தமான பள்ளிகளில் மிக அருகில் இருப்பதே, 8 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு 2 மைலுக்கு (3.2 கி.மீ) மேல், 8 வயதும் அதற்கு மேலும் என்றால் 3 மைலுக்கு (4.8 கி.மீ) மேல் இருக்க வேண்டும். கார் போகும் பாதையை வைத்து இதை அளப்பதில்லை. பாதுகாப்பாக நடந்துபோகக்கூடிய மிகக் குறுகிய பாதைதான் கணக்கு.

2. சிறப்புத் தேவை, மாற்றுத்திறன், நடமாடுவதில் சிரமம்: இவற்றால் அந்தப் பிள்ளை பள்ளிக்கு நடந்துபோவதை நியாயமாக எதிர்பார்க்க முடியாது என்றால், தூரமே கணக்கில்லை. பள்ளி அரை மைலில் இருந்தாலும் தகுதி உண்டு.

3. ஆபத்தான பாதை: நடைபாதை இல்லாத வேகமான சாலை போன்றவை. பெரியவர் துணைக்கு வந்தாலும் பாதுகாப்பாக நடக்க முடியாத பாதையாக அது இருக்க வேண்டும்.

4. குறைந்த வருமானம்: வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தூர வரம்பில் கூடுதல் தளர்வு உண்டு.

நம் பிள்ளைகளுக்கு முக்கியமானது இரண்டாவது. அதில் இரண்டு தவறான நம்பிக்கைகள் சுற்றுகின்றன. 'இ.எச்.சி பிளான் இருந்தாதான் வண்டி கிடைக்கும்' என்பது ஒன்று. கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குக் கவுன்சில் போட்டுத்தரும் சட்டபூர்வத் திட்டம்தான் இ.எச்.சி பிளான். அது இல்லாவிட்டாலும் போக்குவரத்துக்கு விண்ணப்பிக்கலாம். 'பிளான் வந்துடுச்சு, இனி வண்டி தானா வந்துடும்' என்பது இன்னொன்று. வராது. தனியாக விண்ணப்பிக்கணும்.

இன்னொரு விஷயம். முதல் வழியில் தகுதி பெற்றிருந்தால், பிள்ளைக்கு 8 வயது ஆகும்போது வரம்பு 2 மைலிலிருந்து 3 மைலாக மாறிவிடும். பள்ளி இரண்டரை மைலில் இருந்தால், எட்டாவது பிறந்தநாளுக்குப் பிறகு 'இனி கிடையாது' என்று கடிதம் வரலாம். அப்போது இரண்டாவது வழியில் கேளுங்கள்.

'நீங்க கூட்டிட்டுப் போகலாமே?'

பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பள்ளி தூர வரம்புக்குள் இருந்தால், கவுன்சில் இரண்டு கேள்வி கேட்கும். பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தால் இந்தப் பிள்ளையால் நடக்க முடியுமா? முடியும் என்றால், பெற்றோர் துணைக்குப் போவதை நியாயமாக எதிர்பார்க்கலாமா?

உடனே நாம் என்ன எழுதுவோம்? 'எனக்குக் காலை ஷிஃப்ட், கணவருக்கு நைட் ஷிஃப்ட், சின்னவளை வேற ஸ்கூலில் விடணும்.' அத்தனையும் உண்மைதான். ஆனால் அரசின் வழிகாட்டுதல்படி, பெற்றோரின் வேலை நேரமோ, வேறு பள்ளியில் இன்னொரு பிள்ளை இருப்பதோ மட்டும் பொதுவாகப் போதுமான காரணமாக ஏற்கப்படாது. பாதி வீட்டில் விண்ணப்பம் அடிபடுவது இந்த ஒரு வரியில்தான்.

அப்போ எதை எழுதுவது? உங்கள் பிள்ளையைப் பற்றி எழுதுங்கள். துணைக்கு ஆள் வந்தாலும் ஏன் நடக்க முடியாது என்று சொல்லுங்கள். ஒருவர் மட்டும் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? அந்தப் பாதையில் எந்த இடத்தில், எதைக் கண்டு மிரளும்? பள்ளிக்குப் போய்ச் சேரும்போது பாடம் கவனிக்கும் நிலையில் இருக்குமா?

பிள்ளை வளர்ந்துவிட்டால் இன்னொரு வாதமும் உண்டு. 14 வயதுப் பையனின் கையைப் பிடித்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போங்கள் என்று சிறப்புத் தேவை இல்லாத பிள்ளையின் அம்மாவிடம் யாரும் சொல்வதில்லை. அதே வயதுள்ள சிறப்புக் குழந்தையின் அம்மாவிடம் மட்டும் அப்படி எதிர்பார்ப்பது நியாயமா என்று கவுன்சில் யோசித்துப் பார்க்க வேண்டும். வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. இதை மேற்கோள் காட்டியே கேட்கலாம்.

பள்ளி தூர வரம்புக்கு அப்பால் இருந்தால், இந்தத் 'துணைக்குப் போகலாமே' கேள்விக்கே இடமில்லை.

நல்ல நாளை எழுதாதீர்கள்

நமக்கே உரிய ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளையின் குறையைக் காகிதத்தில் எழுதக் கை வராது. 'அவன் ரொம்ப சமத்து, சில நேரம்தான் கொஞ்சம்...' என்று இழுப்போம். 'நாலு பேருக்குத் தெரியணுமா' என்று பாட்டி ஊரிலிருந்து போனில் கேட்பார். ஆனால் ஃபார்மைப் படிக்கும் அதிகாரி உங்கள் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. நீங்கள் எழுதுவதுதான் அவருக்குப் பிள்ளை.

'எங்கள் மகனால் தனியாகப் பள்ளிக்குச் செல்ல இயலாது' என்று மட்டும் எழுதினால், 'சரி, நீங்க கூடப் போங்க' என்பதுதான் பதிலாக வரும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'பஸ் பிரேக் பிடிக்கும் சத்தம் கேட்டால் கையை உதறிவிட்டு ரோட்டில் ஓடுவான். போன மாதம் மூன்று முறை ஓடினான். ஒருமுறை கார் டிரைவர் பிரேக் போட்டதால்தான் தப்பித்தான். அவனுக்கு ஆபத்து புரியாது. நான் ஒருத்தியாகப் பிடித்து நிறுத்த முடிவதில்லை.'

நடந்ததை மட்டும் எழுதுங்கள், மிகைப்படுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மொபைலின் நோட்ஸில் தினமும் பயணத்தைக் குறித்து வையுங்கள். தேதி, நேரம், என்ன நடந்தது என்று இரண்டே வரி. அதோடு ஆதாரங்களையும் சேருங்கள்: குழந்தைநல மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பள்ளியில் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர் ஆகியோரின் கடிதங்கள். 'ஆட்டிசம் உள்ளது' என்று மட்டும் சொல்லும் கடிதத்தைவிட, 'இந்தப் பாதையில் இவனால் ஏன் நடக்க முடியாது' என்று சொல்லும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். அப்படியே கேட்டு வாங்குங்கள்.

பள்ளியின் பெயரில் இருக்கும் கண்ணி

இ.எச்.சி பிளானில் 'செக்‌ஷன் ஐ' என்று ஒரு பகுதி உண்டு. பிள்ளை படிக்கப்போகும் பள்ளியின் பெயர் அங்கேதான் வரும். அங்கே ஒரே ஒரு பள்ளி, நிபந்தனை எதுவும் இல்லாமல் எழுதப்பட்டிருந்தால், பொதுவாக அதுதான் பிள்ளைக்கு 'அருகிலிருக்கும் பொருத்தமான பள்ளி' என்று கணக்காகும்.

நீங்கள் விரும்பிய பள்ளி தூரத்தில் இருக்கிறது, கவுன்சில் பொருத்தமாக நினைக்கும் பள்ளி பக்கத்தில் இருக்கிறது என்றால்? இரண்டையும் எழுதி, 'தூரப் பள்ளிக்கு அனுப்புவதானால் பயணத்தைப் பெற்றோரே பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்க கவுன்சிலுக்கு வழி இருக்கிறது. நினைத்த பள்ளி கிடைத்த சந்தோஷத்தில் அந்த வரியைப் பார்க்காமல் விட்டுவிடுவோம். செப்டம்பரில் வண்டி கேட்கும்போதுதான் உறைக்கும்.

பிளானின் வரைவு உங்கள் கைக்கு வந்ததும், கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு. செக்‌ஷன் ஐ-யில் வரும் பள்ளியையும் அதோடு ஒட்டிவரும் நிபந்தனையையும் கவனிக்க வேண்டிய நேரம் அதுதான். அந்தப் பகுதியோடு உடன்பாடு இல்லை என்றால், இறுதி பிளான் வந்த பிறகு சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

விசாவில் இருக்கிறோமே, கேட்கலாமா?

வொர்க் விசாவில் போனவர்களின் பெரிய பயம் இது. விசா நிபந்தனையில் 'பொது நிதி கிடையாது' என்று இருக்கும். பள்ளி வண்டி கேட்டால் விசாவுக்குப் பிரச்னை வருமோ என்று வாயே திறக்காமல் இருந்துவிடுவார்கள்.

குடியேற்ற விதிகளில் எவையெல்லாம் 'பொது நிதி' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பிள்ளைகளுக்கான மாற்றுத்திறன் உதவித்தொகையான டி.எல்.ஏ அதில் இருக்கிறது. ஆகவே அதற்கு, விசா நிபந்தனையைப் பார்க்காமல் விண்ணப்பிக்காதீர்கள். அரசுப் பள்ளிக் கல்வி அந்தப் பட்டியலில் இல்லை. கவுன்சில் தரும் பள்ளிப் போக்குவரத்தும் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் பிள்ளையின் படிப்போடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. அம்மாவின் வேலையை நம்பித்தான் குடும்பத்தின் விசாவே இருக்கும். பிள்ளையைக் கொண்டுவிடுவதற்காக அவர் வேலையை விட்டால், ஆட்டம் காண்பது மொத்தக் குடும்பமும்தான்.

டி.எல்.ஏ வாங்கும் குடும்பங்களுக்கும் ஒரு விஷயம். 'உங்களுக்குத்தான் உதவித்தொகை வருதே, அதுல பார்த்துக்கோங்க' என்று அதை மட்டுமே காரணமாகச் சொல்லி வண்டியை மறுப்பது சரியல்ல.

என்ன மாதிரி வண்டி வரும்?

எப்படி அனுப்புவது என்பதைக் கவுன்சில் முடிவு செய்யும். தனி டாக்ஸி என்றுதான் வரும் என்றில்லை. மினி பஸ், பகிர்வு டாக்ஸி, பக்கத்தில் ஒரு பொது நிறுத்தத்திலிருந்து ஏற்றிச் செல்வது, பஸ் பாஸ் என எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அது அந்தப் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும். லண்டன் பஸ்களில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம். 'அதான் பஸ் ஃப்ரீயாச்சே' என்று சொல்லலாம். பஸ்ஸில் ஏறவே முடியாத பிள்ளைக்கு அது பொருத்தமான ஏற்பாடு ஆகாது. தேவைப்பட்டால் வண்டியில் உதவியாளரும் வேண்டும் என்று கேட்கலாம்.

பயண நேரத்துக்கும் ஒரு அளவுகோல் உண்டு. ஒருவழிக்குத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 45 நிமிடம், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 75 நிமிடம். இது வழிகாட்டும் உச்ச அளவு. தூரத்துச் சிறப்புப் பள்ளி என்றால் சில நேரம் மீறலாம்.

'பணம் தர்றோம், நீங்களே கொண்டுபோய் விடுங்க' என்றும் கவுன்சில் சொல்லலாம். பெட்ரோல் செலவாகவோ தனிப் பயண நிதியாகவோ தருவார்கள். சில குடும்பங்களுக்கு இது வசதிதான். ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் இதைத் திணிக்க முடியாது. பிள்ளை தனியாகப் பயணிக்கப் பழக்கும் பயிற்சிக்கும் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

வண்டி உறுதியானதும் டிரைவருக்கும் உதவியாளருக்கும் ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொடுங்கள். எது பிடிக்கும், எது பயம், வலிப்பு வந்தால் என்ன செய்யணும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பிள்ளை வீட்டில் தமிழ் பேசினால் 'தண்ணி', 'போதும்', 'வலிக்குது', 'ஒண்ணுக்கு' போன்ற வார்த்தைகளை ஆங்கில எழுத்தில், அர்த்தத்தோடு எழுதுங்கள். பிள்ளை கேட்பது டிரைவருக்குப் புரியாமல் போவதுதான் பல அழுகைக்குக் காரணம்.

'நோ' என்று கடிதம் வந்தால்?

பதறாதீர்கள். கடிதத்தில் தேதியைப் பாருங்கள். வழிகாட்டுதல் சொல்லும் நடைமுறை இதுதான். உங்கள் கவுன்சிலில் கொஞ்சம் மாறலாம்.

முதல் கட்டம்: முடிவு வந்த 20 வேலை நாள்களுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். மூத்த அதிகாரி ஒருவர் 20 வேலை நாள்களுக்குள் பதில் தருவார்.

இரண்டாவது கட்டம்: அதுவும் பாதகமாக வந்தால், மீண்டும் 20 வேலை நாள்களுக்குள் மேல்முறையீடு. முதல் முடிவில் சம்பந்தப்படாதவர்கள் கொண்ட தனிக் குழு 40 வேலை நாள்களுக்குள் பார்க்கும். நீங்கள் நேரில் பேசலாம். ஆங்கிலத்தில் தயக்கம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

அதன் பிறகு: உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை. கவுன்சில் நடைமுறையில் தவறு செய்ததா என்று அவர் பார்ப்பார். வண்டி மறுக்கப்பட்டதற்குச் சிறப்புக் கல்வித் தீர்ப்பாயத்துக்கு நேரடியாகப் போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த மாதங்களில் நீங்கள் கொடுத்த டாக்ஸி காசு, பெட்ரோல் பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டரில் வையுங்கள். முடிவு சாதகமானால் திருப்பிக் கேட்க உதவும். போனில் பேசியதை அன்றே ஒரு மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்.

இதையெல்லாம் தனியாகச் செய்யணும் என்றில்லை. ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் 'சென்டியாஸ்' எனப்படும் இலவச ஆலோசனை சேவை உண்டு. 'இப்சியா', 'கான்டாக்ட்' ஆகிய தொண்டு அமைப்புகளும் இலவசமாக வழிகாட்டுகின்றன.

16 வயதில் வரும் பள்ளம்

இங்கிலாந்தில் 18 வயது வரை படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆனால் இலவசப் போக்குவரத்து உரிமை 16-லேயே முடிந்துவிடுகிறது! அதற்கு மேல் கவுன்சில் உதவலாம். குடும்பத்திடம் ஒரு பங்குத் தொகையும் கேட்கலாம். 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான கொள்கையை ஒவ்வொரு ஆண்டும் மே 31-க்குள் கவுன்சில் வெளியிட வேண்டும். 11-ம் வகுப்பில் பிள்ளை இருந்தால், அந்தத் தேதியைக் காலண்டரில் போட்டு, வெளியான உடனே விண்ணப்பித்துவிடுங்கள். இ.எச்.சி பிளானோடு 19 வயதைத் தாண்டிப் படிப்பவர்களுக்கு, போக்குவரத்து அவசியம் என்று கவுன்சில் முடிவு செய்தால், அதை இலவசமாகத்தான் தர வேண்டும். நடுவில் இருக்கும் 16 முதல் 18 வரைதான் பள்ளம். அதற்கு ஒரு வருடம் முன்பே தயாராகணும்.

கவுன்சில் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது?

காசுதான். 2015 ஜனவரியில் இங்கிலாந்தில் இப்படிச் சட்டபூர்வத் திட்டம் உள்ளவர்கள் சுமார் 2.4 லட்சம் பேர். 2025 ஜனவரியில் 6.38 லட்சத்துக்கும் மேல். பக்கத்துச் சிறப்புப் பள்ளியில் இடமில்லாமல் பிள்ளைகள் தூரப் பள்ளிக்குப் போகிறார்கள். பள்ளி வண்டிகளுக்குக் கவுன்சில்கள் 2023-24-ல் மொத்தம் சுமார் 230 கோடி பவுண்டு செலவு செய்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் சொல்கிறது. பல கவுன்சில்கள் திண்டாடுகின்றன என்பது உண்மை. ஃபார்மைப் பார்க்கும் அதிகாரி உங்களுக்கு எதிரியும் இல்லை. ஆனால் பட்ஜெட் இல்லை என்பது தகுதியுள்ள பிள்ளையை மறுக்கச் சட்டபூர்வக் காரணம் ஆகாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

உங்கள் கவுன்சில் வெப்சைட்டில் பள்ளிப் போக்குவரத்துப் பக்கத்தைத் திறங்கள். கடைசித் தேதியைப் பாருங்கள். செப்டம்பரில் வண்டி வேண்டுமென்றால், பள்ளி உறுதியான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். பல கவுன்சில்களில் வருடா வருடம் புதுப்பிக்கணும். அதற்கும் ஒரு ரிமைண்டர் போடுங்கள். நோட்ஸில் இன்றைய காலைப் பயணத்தை இரண்டு வரி எழுதுங்கள்.

அந்த ஒன்பது வயதுப் பையன் நாளைக்கும் ஒற்றை ஷூவோடுதான் வாசலில் நிற்பான். அது அவன் இயல்பு. ஆனால் அவன் முன்னால் ஒரு வண்டி வந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருந்தால், இன்னொரு ஷூவை வண்டியில் உட்கார்ந்துகூடப் போட்டுக்கொள்ளலாம். அம்மாவும் எட்டரை மணி டியூட்டிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்வார்.